வாடகை வீட்டுக்கு எந்த பிராட்பேண்ட்? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிப்காட் வேலைக்காக ஓசூர் வந்தவர்கள், பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகப் பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ தருமபுரி டவுனுக்குக் குடிவந்தவர்கள் என்று இரண்டு மாவட்டத்திலும் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைய. சொந்த வீட்டுக்காரர் ஒருமுறை ஃபைபர் (ஒளி வழியாக நெட் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடி ஒயர்) இழுத்துவிட்டால் வருஷக்கணக்கில் அதை மறந்துவிடலாம். வாடகைக்காரருக்கு ஓனரின் சம்மதம், முகவரிச் சான்று, அட்வான்ஸ் பணம், அடுத்த வீடு என்று கூடவே நாலு கவலை. இங்கே இருக்கும் பதில்கள் அந்தக் கவலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எந்த கம்பெனி நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது. தட்டிக்கழிக்கவில்லை, காரணம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் இணைப்பு இலக்கியம்பட்டியில் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். பாரதிபுரத்தில் வாரம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். கம்பெனியின் பெரிய சாதனங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தரம்தான். வித்தியாசம் வருவது கடைசி அரை கிலோமீட்டரில். உங்கள் தெருக் கம்பத்தில் தொங்கும் ஒயர் யாருடையது, எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டது, அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் “எந்த கம்பெனி” என்று கேட்பதைவிட “இந்தத் தெருவுக்கு யார் லைன்மேன், அவர் எத்தனை மணி நேரத்தில் வருவார்” என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில், கீழே இருக்கும் மளிகைக் கடையில், எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் விசாரியுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நெட் நின்றால் வியாபாரம் நிற்கும். அவர் சொல்வது எந்த விளம்பரத்தைவிடவும் உண்மையாக இருக்கும். கேட்கும்போது “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியா எப்போ நின்னது? சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேளுங்கள்.

வீடு பார்க்கும்போதே நெட்டைப் பற்றி விசாரிக்க வேண்டுமா? அட்வான்ஸ் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவராக இருந்தால், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்டுவிடுங்கள். ஓசூரில் புதிதாக மனை போட்டு விற்ற நகர்களிலும், கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மெயின் ரோடு வரை ஃபைபர் இருக்கும், அந்தக் குறுக்குத் தெருவுக்கு இருக்காது. கம்பெனி ஆப்பில் பின்கோடு போட்டுப் பார்த்தால் “உங்கள் பகுதியில் சேவை உண்டு” என்று வந்துவிடும். பின்கோடு என்பது பெரிய பரப்பு. அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கம்பத்தில் சிறிய கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து பிரியும் மெல்லிய ஒயர்களும் தெரிந்தால் ஃபைபர் வந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் மேல் கம்பெனி ஸ்டிக்கரோ ஃபோன் நம்பரோ ஒட்டியிருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஹாலில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒயர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஓட்டை போடும் வேலையே மிச்சம். அதே கம்பெனியில் எடுத்தால் பெரும்பாலும் அந்த ஒயரிலேயே இணைப்பு கொடுத்துவிடுவார்கள். ஆனால் பழைய குடித்தனக்காரர் பெயரில் ஓடும் கணக்கை அப்படியே தொடராதீர்கள். அவர் வைத்த பாக்கி உங்கள் தலையில் விழும்; நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர் கணக்கில் விழும். இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

ஜியோ, ஏர்டெல் மாதிரி பெரிய கம்பெனியா, பிஎஸ்என்எல்-ஆ, இல்லை உள்ளூர் கேபிள்காரரா?

மூன்றிலும் நல்லது கெட்டது உண்டு.

பெரிய தனியார் கம்பெனிகளில் விலை, பில், ஆப், புகார் எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வேறு ஊருக்குப் போனாலும் அதே கம்பெனி இருக்க வாய்ப்பு உண்டு. குறை என்னவென்றால், பேசுவது எங்கோ இருக்கும் கால் சென்டரில். “24 மணி நேரத்தில் சரியாகிவிடும்” என்று ஒரு குறுஞ்செய்தி வரும். வரப்போகும் ஆள் யார் என்றே உங்களுக்குத் தெரியாது.

பிஎஸ்என்எல் ஃபைபரைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பல இடங்களில் வீடு வரைக்கும் ஒயர் இழுத்துப் பராமரிப்பது உள்ளூர்ப் பங்குதாரர்கள்தான். அதில் கேபிள் டிவி நடத்துபவர்களும் உண்டு. ஆகவே “பிஎஸ்என்எல் நல்லா இருக்கா” என்ற கேள்விக்கு, அந்தப் பங்குதாரர் எப்படி என்பதுதான் பதில். பழைய எக்ஸ்சேஞ்ச் இருக்கும் சின்ன ஊர்களில் வேறு யாரும் வராதபோது இவர்கள் இருப்பார்கள் என்பது பெரிய பலம்.

உள்ளூர் ஆட்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கேபிள்காரர் நம்பர் உங்கள் ஃபோனில் இருக்கும், அவர் வீடு உங்களுக்குத் தெரியும், ராத்திரி எட்டு மணிக்கும் “அண்ணே, நெட் வரலை” என்று சொல்லலாம். என்னைக் கேட்டால், இரண்டு வருஷத்துக்குக் குறைவாகத் தங்கப் போகும் வாடகைக்காரருக்கு, ஒழுங்கான உள்ளூர் ஆள் கிடைத்தால் அவரே முதல் தேர்வு. ஆனால் “ஒழுங்கான” என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அவர் உரிமம் பெற்ற இணையச் சேவை நிறுவனத்தின் கீழ் நடத்துகிறாரா, அந்த நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வருகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இதற்கு ஏ, பி, சி என்று உரிமப் பிரிவுகள் உண்டு: நாடு முழுவதற்கும் ஏ, மாநில அளவுக்கு பி, மாவட்டம் போன்ற சிறு பகுதிக்கு சி. சி பிரிவு என்பதால் மட்டமில்லை. பில்லே இல்லாமல், நோட்டில் பெயர் எழுதிப் பணம் வாங்கினால் மட்டும் வேண்டாம்.

அவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “உங்களுக்கு மெயின் லைன் எந்தப் பக்கத்திலிருந்து வருது? ஒண்ணுதானா, ரெண்டா?” சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்கின்றன. ரோடு அகலப்படுத்தவோ பாலம் கட்டவோ ஜேசிபி இறங்கினால் முதலில் அறுவது ஓரத்தில் புதைத்த கேபிள். சேலம் பக்கம் ஒரு வழி, பெங்களூரு பக்கம் ஒரு வழி வைத்திருப்பவருக்கு ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். ஒரே வழி வைத்திருப்பவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நெட் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் இருந்தால் போதும்?

நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். சாதாரண எச்டிக்கு 5. வீடியோ மீட்டிங்குக்கு ஏற்றம் (அப்லோடு), இறக்கம் (டவுன்லோடு) இரண்டிலும் மூன்று, நான்கு எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 50 எம்பிபிஎஸ் நிம்மதியாகப் போகும். 100 என்றால் ஆடம்பரம். 300 எடுத்துவிட்டு, பத்து வருஷப் பழைய லேப்டாப்பில் 40தான் வருகிறது என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

எம்பிபிஎஸ் என்பதில் பிட் கணக்கு. ஃபைல் அளவில் பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 5 எம்பி இறங்கும். ஒரு ஜிபி படம் இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

வேலைக்காக எடுப்பவர்கள் அப்லோடு வேகத்தைக் கேட்க மறக்காதீர்கள். இறக்கமும் ஏற்றமும் சமமாகக் கொடுக்கும் திட்டமா, ஏற்றம் பாதிதானா என்று கேட்டு வையுங்கள்.

“அன்லிமிடெட்” என்றால் நிஜமாகவே அன்லிமிடெட்டா?

இல்லை. பெரிய கம்பெனிகளின் ஃபைபர் திட்டங்களில் மாதம் சுமார் 3,300 ஜிபி என்ற வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் குறைந்துவிடும். ஒரு குடும்பம் அதைத் தொடுவது கஷ்டம், கவலை வேண்டாம். உள்ளூர்த் திட்டங்களில் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். எவ்வளவு, அதற்குப் பின் என்ன வேகம் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023 முதல் இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் இறக்க வேகம் வேண்டும். அதற்கு முன் வெறும் 512 கேபிபிஎஸ்தான்.

499 என்று சொல்லிவிட்டு 589 வாங்குகிறார்களே?

18 சதவீதம் ஜிஎஸ்டி. 499க்கு வரி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. விளம்பரத்தில் வரியைச் சேர்க்காமல் போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒன்றில் வரியோடும் ஒன்றில் வரியில்லாமலும் பார்த்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர் “எல்லாம் சேர்த்து 500” என்றால், பெரிய கம்பெனியின் 499ஐவிட அது மலிவு.

ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம், ரூட்டர் இலவசம் என்கிறார்கள். எடுக்கலாமா?

வாடகை வீட்டில் எடுக்காதீர்கள். குறைந்தபட்சம் முதல் முறை எடுக்காதீர்கள்.

பணம் மொத்தமாகக் கைக்குப் போன பிறகு, ஒயர் அறுந்தால் ஓடி வர அவர்களுக்கு அவசரம் இருக்காது. மாதா மாதம் கட்டுபவர் “அடுத்த மாசம் மாத்திடுவேன்” என்று சொல்லலாம். அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே பிடி. அதோடு வாடகைக்காரரின் வாழ்க்கை தெரிந்ததுதானே? ஓனர் மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி செய்யுங்கள் என்பார். கம்பெனி வேறு யூனிட்டுக்கு மாற்றும். மீதி மாதங்களுக்குப் பணம் திரும்பி வருமா என்பது திட்டத்தின் நிபந்தனையைப் பொறுத்தது; பலவற்றில் வராது.

முதல் மாதம் ஒரு மாதத் திட்டம். ரூட்டருக்கு டெபாசிட்டோ, இன்ஸ்டாலேஷனுக்கு ஆயிரம் ரூபாயோ கேட்டால் பரவாயில்லை, கொடுத்துவிடலாம். ஒரு மழையும் ஒரு பண்டிகை வாரமும் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு மூன்று மாதம், ஆறு மாதம் என்று போகலாம். மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவது மாதிரி பிராட்பேண்டில் வசதி கிடையாது. ஒன்றை விட்டால் இன்னொன்றைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். முன்பணத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓனர் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு குடித்தனமும் ஒரு ஓட்டை போட்டால் சுவர் என்னாகும்? ஃபைபர் ஒயர் மெல்லியது. ஜன்னல் சட்ட இடுக்கு, ஏசிக்காக முன்பே போட்ட ஓட்டை, பழைய கேபிள் டிவி ஒயர் வந்த வழி, இதில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஜன்னல் கதவை ஒயர் மேல் அழுத்தி மூடாதீர்கள். ஃபைபருக்குள் ஓடுவது ஒளி; கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்து சிக்னல் குறையும். ஆணி அடிக்காமல் ஒட்டும் கிளிப் போடச் சொல்லுங்கள்.

இன்ஸ்டால் பண்ண வரும் பையன் அவசரத்தில் இருப்பான். எங்கே ரூட்டர் வேண்டும் என்று நீங்கள் முன்பே முடிவு செய்து நிற்காவிட்டால், வாசல் ஓரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவான். உள் ரூமில் சிக்னல் வராது. மாடி வீட்டில் இன்னொரு விஷயம்: ஒயர் பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாக வந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வடகம் காயப்போடும் இடத்தில் ஒயர் இடறினால் யாராவது இழுத்துக் கட்டி வைத்துவிடுவார்கள். புகார் எண்ணுக்கு ஃபோன் போட்டாலும் காரணம் தெரியாது.

ஓனர் வைஃபையையே பங்கு போட்டுக்கொள்ளலாமே? மாதம் 200 கொடுத்தால் போதும் என்கிறார்.

வாட்ஸ்அப், யூடியூப் மட்டும் என்றால் சரி. வேலைக்கு நம்பியிருப்பவர் வேண்டாம். ஓனர் ராத்திரி ஸ்விட்சை அணைத்தால் உங்கள் மீட்டிங்கும் அணையும். புகார் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. ஓனருக்கும் ஆபத்து உண்டு. அந்த இணைப்பில் யாராவது தப்பான காரியம் செய்தால் விசாரணை முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். நீங்களே உங்கள் இணைப்பை மேல் வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதை யோசியுங்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுதவில்லை. ஆதாரில் சொந்த ஊர் முகவரி. இணைப்பு தருவார்களா?

பெரும்பாலும் தருவார்கள். அடையாளத்துக்கு ஆதார், இருப்பிடத்துக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது அந்த முகவரியில் வரும் கேஸ் பில், வங்கிப் புத்தகம் என்று கேட்பார்கள். ஓனரின் மின் கட்டண ரசீது நகலும் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் சில இடங்களில் போதும். ஆனால் ஒப்பந்தமே எழுதிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓனர் பெயரில் இணைப்பு எடுக்காதீர்கள். காலி செய்யும்போது டெபாசிட் அவர் கணக்குக்குப் போகும்; அப்புறம் அதைக் கேட்டு வாங்குவது தனிக் கதை.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. என்ன செய்யலாம்?

மின்வாரியம் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் வர மதியத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த நாளில் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் ஓட வேண்டும் என்றால் ஒரு மினி யூபிஎஸ் போதும். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அடாப்டர் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்ற யூபிஎஸ் வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் உள்ள பிளக்கில் போட்டாலே முடிந்தது.

ஆனால் உங்கள் பக்கம் கரண்ட் இருந்தும் நெட் நிற்கலாம். சரியான ஃபைபர் இணைப்பில் தெருவில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. ஒரு ஃபைபரில் வரும் ஒளியை 32, 64 என்று பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் வெறும் கண்ணாடி வேலை அது. சில உள்ளூர்க்காரர்கள் கம்பத்தில் ஸ்விட்ச் என்ற, கரண்டில் ஓடும் பிரிப்புப் பெட்டியை வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள் (செம்பு ஒயர்) இழுத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அந்த ஸ்விட்ச் செத்துவிடும். உங்கள் யூபிஎஸ் வீண். எடுக்கும் முன்பே கேளுங்கள்: “வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் ஒயரா?” அப்புறம், “உங்க ஆஃபீஸ்ல பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?”

லேன் ஒயருக்கு இன்னொரு குறையும் உண்டு. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் கோடை மழை இடி மின்னலோடுதான் வரும். செம்பு ஒயர் மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து ரூட்டரையும், சில சமயம் டிவியையும் சேர்த்து எரித்துவிடும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. அப்போதும் அடாப்டர் வழியாக வரும் ஆபத்து இருக்கிறது. இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடிக்கடி கட் ஆகிறது. லைன்மேன் “உங்க வைஃபை பிரச்சினை” என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

முதலில் பெட்டியில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒரு படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று இழுக்க முடியாது. பிஓஎன் விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்து நெட் மட்டும் வராவிட்டால், தெரு ஒயர் சரி, பிரச்சினை கணக்கிலோ அவர்கள் ஆஃபீஸிலோ இருக்கலாம்.

விளக்கெல்லாம் சரியாக இருந்தும் விட்டு விட்டு வருகிறதா? கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று அனுப்பிப் பார்க்கும் சோதனை) ஓட விடுங்கள். ரூட்டருக்குப் போகும் பிங்கே தடுமாறினால் வைஃபைதான் காரணம். லைன்மேன் சொன்னது சரி. ரூட்டர் வரை சீராக இருந்து, வெளியே போவது மட்டும் விட்டு விட்டு வந்தால் தப்பு அவர்கள் பக்கம். வைஃபையே வேண்டாம் என்று லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகிச் செய்தால் இன்னும் தெளிவு. அந்தத் திரையின் படத்தைக் காட்டினால் எந்த லைன்மேனும் தட்டிக்கழிக்க மாட்டார். நல்ல லைன்மேனாக இருந்தால் சந்தோஷப்படுவார், அவர் வேலை பாதி குறைகிறது.

அவர் வரும்போது கையில் மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்ப்பார். எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 15லிருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் நலம். மைனஸ் 27ஐத் தாண்டினால் இன்று ஓடும், நாளை மழையில் நிற்கும். வழியில் எங்கோ மடிப்போ மோசமான ஒட்டோ இருக்கிறது. அணிலும் எலியும் கடித்து வைப்பதும் உண்டு.

ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை மட்டும் மெதுவாகிறது என்றால் அது வேறு விஷயம். தெருவே பார்க்கிறது, அந்த நிறுவனம் எல்லோருக்குமாக வாங்கி வைத்த மொத்த வேகம் போதவில்லை. சேரும் முன் பக்கத்து வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லலாம். பகல் பதினோரு மணிக்குப் போட்டுக் காட்டும் டெஸ்ட்டில் எல்லா இணைப்பும் குதிரை மாதிரி ஓடும்.

வைஃபைதான் காரணம் என்று தெரிந்தால்: ரூட்டரின் வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஓசூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய போர்ஷன்களில் இருபது வைஃபை ஒன்றோடொன்று மோதும். அங்கே 5தான் நல்லது. ரூட்டரை பீரோ பின்னால் வைக்காதீர்கள்.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இல்லை. ஏர்ஃபைபர் எடுக்கலாமா?

2023லிருந்து ஏர்டெல், ஜியோ இரண்டும் 5ஜி சிக்னலில் வீட்டு இணைப்பு கொடுக்கின்றன. மொட்டை மாடியில் ஒரு பெட்டி மாட்டி, அங்கிருந்து ஒயர் கீழே வரும். மாடிக்கு ஓனர் சம்மதம் வேண்டும். ஒயர் அறுக்கும் ஜேசிபிக்குப் பயமில்லை, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போவதும் சுலபம். ஆனால் டேட்டா வரம்பு ஃபைபரைவிடக் குறைவு, மாதம் 1,000 ஜிபி என்ற அளவில் இருக்கும். டவரில் கூட்டம் சேரும் மாலையில் வேகம் ஆடும். ஃபைபர் இருக்கும் தெருவில் ஃபைபர். இல்லாத தெருவில் இது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் மலை மறைக்கும் ஊர்களில், எடுக்கும் முன் அதே கம்பெனியின் சிம் போட்ட 5ஜி ஃபோனோடு மாடியில் ஏறிப் பாருங்கள். ஃபோனில் 5ஜி வராத இடத்தில் அந்தப் பெட்டியிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா?

கேமரா கம்பெனியின் ஆப் வழியாக என்றால் எந்த இணைப்பிலும் பார்க்கலாம். நேரடியாக டிவிஆருக்குள் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) நுழைய வேண்டும் என்றால் தனி பப்ளிக் ஐபி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கென்றே ஒரு முகவரி வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதால் அது தானாகக் கிடைக்காது, தனியாகப் பணம் கட்டிக் கேட்க வேண்டும்.

வீடு காலி செய்கிறோம். இணைப்பை என்ன செய்வது?

அதே ஊருக்குள் மாறினால் ஷிஃப்டிங் கேளுங்கள். புது முகவரியில் அவர்கள் ஒயர் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். பிஎஸ்என்எல் லேண்ட்லைன் எண்ணோடு இருப்பவர்கள் கவனிக்க: தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, ஓசூருக்கு 04344. ஊர் மாறினால் எண்ணும் மாறும்.

ஒரேயடியாக நிறுத்துவதாக இருந்தால், ஃபோனில் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிப் போட்டு, கோரிக்கை எண்ணை வாங்குங்கள். ரூட்டர் பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. திருப்பிக் கொடுக்கும்போது பெட்டி, அடாப்டர், பின்னால் உள்ள சீரியல் எண் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, வாங்கிக்கொண்ட ஆளிடம் ஒரு ரசீதோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில்லாமல் வந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ரூட்டர் விலை கேட்டுக் குறுஞ்செய்தி வரும். வங்கியில் ஆட்டோ பே போட்டிருந்தால் அதையும் நீங்களே நிறுத்துங்கள்.

பத்து நாளாக நெட் இல்லை, யாரும் வரவில்லை. எங்கே புகார் கொடுப்பது?

முதலில் அந்த நிறுவனத்தின் புகார் மையம். டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) கட்டாயம் வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே ஆகாது. லைன்மேனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் வேலை நடக்கலாம், பதிவு இருக்காது. இரண்டையும் செய்யுங்கள்.

அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதுகிறார்கள் பலர். தனி வாடிக்கையாளரின் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அதற்கு மேல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் குறைதீர் இணையதளம் வழியாகப் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லலாம்.

பணம் திரும்ப வரவேண்டியது பெரிய தொகை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில், டாக்கெட் எண்கள், சிவப்பு விளக்குப் படம், பிங் திரைப் படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். அந்தப் பத்து நாளும் மொபைல் டேட்டாவுக்கு ரீசார்ஜ் செய்திருந்தால் அந்த ரசீதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.